ராத்திரி மாத்திரை, காலையில் நீச்சல்: கொலஸ்ட்ரால் மருந்து எடுப்பவர்கள் குளோரின் குளத்தில் இறங்கலாமா?

நான் போகும் நீச்சல் குளத்தில் காலை ஆறு மணி பேட்ச் ஓய்வு பெற்றவர்களுடையது. உடை மாற்றும் அறையில் பேச்சு சர்க்கரை, மூட்டு வலி, மருமகள் என்ற மூன்றுக்குள்ளேயே சுற்றி வரும். சில வாரங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒருவர் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டபடியே கேட்டார்: "சார், நான் ராத்திரி கொலஸ்ட்ரால் மாத்திரை போடறேன். இந்தத் தண்ணியில குளோரின் கலக்கறாங்க. அதுவும் லிவருக்குக் கெடுதல், இதுவும் லிவருக்குக் கெடுதல்ங்கறாங்களே, ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்?"

நான் டாக்டர் இல்லை. தினமும் அட்டார்வாஸ்டாட்டின் விழுங்கிவிட்டு அதே தண்ணீரில் குதிக்கிற ஆள், அவ்வளவுதான். அவருக்கு அங்கேயே சொன்ன பதில்: ஒன்றும் ஆகாது, இறங்குங்கள். ஆனால் அது அரைப் பதில்தான். குளோரினும் மாத்திரையும் சந்தித்துக்கொள்வதில்லை என்பது உண்மை. நீச்சலும் மாத்திரையும் வேறு சில இடங்களில் சந்திக்கின்றன. அந்த இடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மாத்திரை எங்கே வேலை செய்கிறது

கொலஸ்ட்ரால் என்றதும் முட்டை, நெய், ஆட்டுக்கறி என்று தட்டைத்தான் பார்க்கிறோம். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரித்துக்கொள்வது. கல்லீரல் அதில் பெரிய பட்டறை. அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கியமான படியை நடத்தித் தருவது எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள், அதாவது அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போன்றவை, அந்த நொதியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தயாரிப்பு குறைகிறது.

சுவாரசியம் அதற்கு அடுத்து நடப்பதில் இருக்கிறது. வீட்டு கிரைண்டர் ரிப்பேர் ஆனால் என்ன செய்வோம்? கடையில் மாவு பாக்கெட் வாங்குவோம். கல்லீரலும் அதையே செய்கிறது. சொந்தத் தயாரிப்பு குறைந்ததும், ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கொக்கிகளைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக முளைக்க வைக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். அந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்து விளக்கிய மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. ஜப்பானில் சாங்க்யோ என்ற மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளையும் நுண்ணுயிர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். 1973-இல் அரிசியில் வளரும் நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றில் முதல் ஸ்டாட்டின் கிடைத்தது. நாம் பூசணம் பிடித்துவிட்டது என்று தூக்கிப் போடுகிற அரிசி! மருந்தாகக் கடைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின். 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தப் பூஞ்சைக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ரூபத்தில் திரும்பி வரும்.

ஆக, மாத்திரையின் வழி இது: வாய், குடல், கல்லீரல். தோலில் அதற்குப் பெரிய வேலை இல்லை. வியர்வையில் வழிந்து குளத்து நீரோடு கலப்பதும் இல்லை.

குளோரின் எங்கே வேலை செய்கிறது

குளத்தில் ப்ளீச்சிங் பவுடரின் உறவுக்காரப் பொடியோ திரவமோ எதைக் கொட்டினாலும், தண்ணீரில் கடைசியில் உருவாவது ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்வது இதுதான். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை, கிருமியை விழுங்கியதும் இதே அமிலத்தைத் தானே தயாரித்து அதன்மேல் ஊற்றுகிறது. நமக்கு அது அந்நியப் பொருள் இல்லை.

சரியாகப் பராமரிக்கும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் எண்) 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்கும். பிஎச் ஏறினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. இறங்கினால் கண் எரியும். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் தினமும் எழுதிப் போடுகிற குளத்தை நம்பலாம். எழுதாத குளத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்.

மூக்கில் ஏறும் அந்த 'நீச்சல் குள வாசனை' இருக்கிறதே, அதை வைத்து "குளோரின் நிறையப் போட்டிருக்காங்க, சுத்தமா இருக்கு" என்று சொல்கிறோம். அது தலைகீழ். வியர்வை, சிறுநீர், தோல் அழுக்கு ஆகியவற்றில் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரமின்களாக மாறிய பின்தான் அந்த நெடி வருகிறது. கண் சிவப்பதும், மூடிய அரங்கக் குளங்களில் இருமல் வருவதும் பெரும்பாலும் இவற்றால்தான். நெடி அடித்தால் குளோரின் தன் வேலையில் பாதியை நம் அழுக்கோடு சண்டை போடுவதிலேயே செலவழித்துவிட்டது என்று பொருள். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே இதில் பெரும்பகுதி குறையும். ஷவர் பக்கம் தலைகாட்டாமல் நேராகப் படியில் இறங்குகிறவர்களை நான் மனசுக்குள் திட்டுவது இதனால்தான்.

சந்திப்பு நடக்காதது ஏன்

முதலில், விழுங்கும் தண்ணீர். முக்கால் மணி நேரம் நீந்தும் ஒரு பெரியவர் சராசரியாக 16 மில்லி தண்ணீர் விழுங்குகிறார் என்று அளந்திருக்கிறார்கள். மூன்று டீஸ்பூன் மாதிரி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால், உள்ளே போவது 0.03 மில்லிகிராம். நம் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. அதாவது விதிப்படி குளோரின் சேர்த்த மாநகராட்சித் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால், நீச்சலில் விழுங்கியதைப் போல ஆறு மடங்கு குளோரின் போகிறது. மாத்திரையையே அந்தத் தண்ணீரை ஊற்றித்தானே விழுங்குகிறோம்!

அந்தக் கொஞ்சமும் குளோரினாகவே ரத்தத்துக்குள் போவதில்லை. எச்சில், உணவு, வயிற்றுச் சவ்வு என்று முதலில் தொட்டதோடு வினைபுரிந்து, சாதாரண குளோரைடாக முடிந்துபோகும். உப்பில் இருப்பதும் குளோரைடுதான்.

விவரமான வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: குளோரின் போட்ட தண்ணீரில் குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் துளி அளவில் உருவாகின்றன, அவை மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகின்றன அல்லவா? ஆமாம், போகின்றன. நீந்தி முடித்தவர்களின் மூச்சுக் காற்றில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். மிகச் சிறிய அளவு. பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். கல்லீரலில் இவற்றுக்கும் ஸ்டாட்டினுக்கும் வரிசை தனித்தனி. கல்லீரலைத் தாலுகா ஆபீஸ் என்று வைத்துக்கொண்டால், அட்டார்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் 3ஏ4 என்ற கவுண்டரில், அதாவது மருந்தைச் சிதைத்து அனுப்பும் ஒரு நொதியிடம், நிற்கின்றன. குறைந்த அளவில் வரும் குளோரோஃபார்ம் 2ஈ1 என்ற வேறு கவுண்டருக்குப் போகிறது. ரோசுவாஸ்டாட்டின் பெரும்பாலும் எந்த வரிசையிலும் நிற்காமல் வந்த கோலத்திலேயே வெளியேறிவிடும். வரிசை வேறாக இருப்பதால் தள்ளுமுள்ளு இல்லை. இந்தக் கவுண்டர் விஷயம்தான் கட்டுரையின் சாவி, மீண்டும் வருகிறேன்.

'லிவருக்குக் கெடுதல்' என்ற பயத்துக்கும் ஒரு வரி. ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு அடிக்கடி கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2012-இலேயே எடுத்துவிட்டது. கடுமையான கல்லீரல் பாதிப்பு அவ்வளவு அரிது. தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு அறிகுறி இருந்தால், என்பதுதான் அங்கே இப்போதைய வழக்கம்.

மாத்திரை நேரமும் இதைப் பாதிக்காது. சிம்வாஸ்டாட்டினை ராத்திரி எடுக்கச் சொல்வது அது உடம்பில் சில மணி நேரமே நிற்பதாலும், கொலஸ்ட்ரால் தயாரிப்பு இரவில் கூடுவதாலும். அட்டார்வாவும் ரோசுவாவும் நீண்ட நேரம் நிற்பவை, எந்த வேளையிலும் எடுக்கலாம். நீந்தப் போகிறோமே என்று மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

முதல் சந்திப்பு: தோள்பட்டை வலி

இப்போது உண்மையான சந்திப்புகள்.

ஸ்டாட்டின் பற்றி எல்லோரும் கேள்விப்பட்ட பக்கவிளைவு தசை வலி. ஐம்பது வயதுக்கு மேல் நீச்சல் தொடங்கினால் முதல் மாதத்தில் கட்டாயம் வருவதும் தசை வலி. இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்கினால் குழப்பம் நிச்சயம். எந்த வலி எதனுடையது?

நீச்சல் வலிக்கு ஒரு கால அட்டவணை உண்டு. நீந்திய மறுநாளோ அதற்கு மறுநாளோ உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு நாளில் அடங்கும். அடுத்த முறை கொஞ்சம் குறைவாக வரும். வேலை செய்த தசையில்தான் வரும். வலது தோளில் மட்டும் குத்துகிறது, கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மட்டும் வலிக்கிறது என்றால் அது தோள் மூட்டின் தசைநாண் பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃப்ரீஸ்டைலில் கையை வீசும் முறை சரியில்லாதவர்களுக்கு இது சகஜம். பயிற்சியாளரிடம் காட்டினால் பாதி சரியாகும்.

மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்: இரண்டு தொடை, இரண்டு பிட்டம், இரண்டு கெண்டைக்கால். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் ஆரம்பிக்கும். நீந்தாத வாரத்திலும் விடாது. படியேறவோ தரையிலிருந்து எழுந்திருக்கவோ பலம் இல்லை என்ற உணர்வும் சேர்ந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. மிக மிக அரிது, ஆனால் காத்திருக்கக்கூடாத ஒன்று. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து இந்தக் காரணத்தால்தான் 2001-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் பயமுறுத்தியவனாகிவிடுவேன். 2022-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, பல சோதனைகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேருக்குத் தசை வலி. மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கும் தசை வலி! வயதானால் உடம்பு வலிக்கும். பழி மாத்திரை மேல் விழுகிறது.

லண்டனில் செய்த சாம்சன் என்ற சோதனை இன்னும் அழகானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு புட்டியாகப் பன்னிரண்டு புட்டிகள்: நான்கில் அட்டார்வாஸ்டாட்டின், நான்கில் மாவு மாத்திரை, நான்கு காலி. தினமும் வேதனைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. மாவு மாத்திரை மாதங்களில் 15.4. நிஜ மாத்திரை மாதங்களில் 16.3. அவர்களுக்கு வலித்தது பொய்யில்லை. மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பே வலியில் பெரும் பங்கைக் கொண்டுவந்தது. இதைப் படித்த பிறகு என் தொடை வலியை நானே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன்.

அதனால் நடைமுறை யோசனை ஒன்று: மாத்திரையையும் நீச்சலையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை உடனே தொடங்குங்கள். நீச்சல் ஒரு மாதம் கழித்து வரட்டும். அந்த ஒரு மாதம் நடந்துகொண்டிருங்கள். வலி வந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிப்பது சுலபமாகும். ஏற்கெனவே நீந்துகிறவர் என்றால் மாத்திரை தொடங்கும் மாதத்தில் தூரத்தைக் கூட்டாமல் இருந்தால் போதும்.

மூட்டு தேய்ந்தவர்களுக்கும் உடம்பு கனமானவர்களுக்கும் நீச்சல் மிகத் தோதான உடற்பயிற்சி. கழுத்து வரை தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது மட்டும் தனி விஷயம். தரையில் அது வலி, ஆழத்தில் அது ஆபத்து. குரக்களி பிடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் கொஞ்ச காலம் ஓரத்துப் பாதையிலேயே, கைப்பிடி எட்டும் தூரத்திலேயே நீந்துங்கள். பிடித்தால் மல்லாந்து மிதந்து, கால் பெருவிரலைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள்.

இரண்டாவது சந்திப்பு: படர்தாமரை

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஈர ஜட்டியோடு அரை மணி நேரம் அரட்டை அடித்தால், ஈரத் துண்டைப் பைக்குள் சுருட்டி வைத்து மறுநாளும் அதையே எடுத்தால், தொடை இடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு வரும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். குளோரின் இதைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். குளத்து நீரில் குளோரின் இருக்கிறது. உடை மாற்றும் அறையின் ஈரத் தரையில் இல்லை.

இரண்டும் பூஞ்சைத் தொற்று. களிம்பு தடவியும் போகாவிட்டால் தோல் டாக்டர் பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை எழுதுவார். நம் ஊரில் அது அடிக்கடி இட்ராகோனசோல். கவுண்டர் விஷயம் இங்கேதான் வருகிறது. இட்ராகோனசோல் அந்த 3ஏ4 கவுண்டரையே இழுத்து மூடிவிடும். ராத்திரி வந்த அட்டார்வாஸ்டாட்டின் வெளியேற முடியாமல் ரத்தத்தில் தேங்கும். சிம்வாஸ்டாட்டின் இன்னும் பல மடங்கு தேங்கும். தசை உடையும் ஆபத்து எகிறுவது இப்படித்தான். சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகோனசோல் கூடவே கூடாது. அட்டார்வாஸ்டாட்டினோடு தந்தே ஆக வேண்டுமென்றால் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது. ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் தனியாகவே எச்சரிக்கை உள்ள மருந்து.

பூஞ்சைக் கதை திரும்பி வரும் என்றேனே: பூஞ்சையிலிருந்து பிறந்த மருந்து வகை ஒன்று, பூஞ்சையைக் கொல்லும் மருந்து இன்னொன்று. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் நம் கல்லீரல்.

தோல் டாக்டரிடம் போகும்போது அரிப்பை மட்டும் காட்டினால் போதாது. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். "பிபி, சுகர் இருக்கா?" என்று அவர் கேட்பார், இரண்டும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். கொலஸ்ட்ராலை நாம் வியாதிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய ஓட்டை. சொன்னால் அவர் டெர்பினாஃபின் போன்ற, இந்தக் கவுண்டரை மூடாத மருந்தை யோசிக்கலாம். அல்லது ஸ்டாட்டினைச் சில வாரம் நிறுத்திவைக்கலாமா, மாற்றலாமா என்று உங்கள் இதய டாக்டரோடு பேசலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்கள். இட்ராகோனசோல் கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் தங்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும். மேலே தடவும் க்ளோட்ரிமசோல் களிம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இதே கவுண்டரை மூடும் இன்னொருவர் கிளாரித்ரோமைசின். சைனஸ், தொண்டை, நெஞ்சுச் சளி என்று நீந்துகிறவர்கள் டாக்டரிடம் போகும் காரணங்களுக்கே எழுதப்படும் ஆன்டிபயாடிக் அது. அசித்ரோமைசின் அவ்வளவு தொந்தரவு தராது. காதில் விடும் சொட்டு மருந்துகள் பற்றிக் கவலை வேண்டாம்.

நீச்சல் குளத்தோடு சம்பந்தமில்லை என்றாலும், கிரேப்ஃப்ரூட் சாறும் இதே வேலையைச் செய்யும், குடலில். சாத்துக்குடிக்கு அந்தப் பழி இல்லை.

மூன்றாவது: ரத்தப் பரிசோதனை

ஞாயிறு காலை நாற்பது சுற்று நீந்திவிட்டு திங்கள் காலை மாஸ்டர் செக்கப்புக்குப் போனால் சிபிகே என்ற தசை நொதி ஏறியிருக்கும். தசை வேலை செய்தாலே அது ரத்தத்தில் கசியும். அதோடு போகாது. கல்லீரல் பட்டியலில் வரும் எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது, எஸ்ஜிபிடியும் கொஞ்சம். கடும் உடற்பயிற்சி செய்த மறுநாள் இவையும் ஏறலாம். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்த்து "மாத்திரையும் குளோரினும் சேர்ந்து லிவரைக் கெடுத்துவிட்டது" என்ற கதை பிறப்பது இப்படித்தான். சோதனைக்கு முன் மூன்று நான்கு நாள், முடிந்தால் ஒரு வாரம், கடுமையாக நீந்தாதீர்கள். மறந்துபோய் நீந்திவிட்டால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஸ்டாட்டின் அல்லாத மருந்துகள்

எசெட்டிமைப் குடலில் வேலை செய்வது, நீச்சலுக்கு அதனால் தொல்லை இல்லை. ஃபீனோஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்புக்கு எழுதுவது. சிலருக்குத் தோல் வெயிலுக்கு எளிதில் சிவந்து எரியும்படி செய்யும். திறந்தவெளிக் குளத்தில் பதினோரு மணி வெயிலில் நீந்துகிறவர்கள் இதைக் குளோரின் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள். உடை மறைத்த இடத்தில் சொறி இல்லை, வெயில் பட்ட இடத்தில் மட்டும் இருக்கிறது என்றால் சந்தேகம் வெயில் மேல் போகட்டும். தோள் வலிக்குத் தடவும் கீட்டோபுரோஃபென் ஜெல்லும் இதே வெயில் தொல்லை தருவது. இரண்டையும் சேர்க்காமல் இருப்பது உத்தமம். பெம்பிடோயிக் அமிலம் புதிதாக வந்தது, 2020-இல் அமெரிக்காவில் அனுமதி. அபூர்வமாகத் தசைநாண் கிழியலாம் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. தோளில் ஏற்கெனவே பிரச்சினை உள்ள நீச்சல்காரர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரை பற்றியும் ஒன்று. நீந்திய வலிக்குக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். மாரடைப்பு வந்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மாத்திரையை விடுங்கள், இதயம் எப்படி?

கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்களில் பலர் அதைத் தனியாக எடுப்பதில்லை. பக்கத்திலேயே பிபி மாத்திரை, ஆஸ்பிரின், சர்க்கரை மாத்திரை எல்லாம் இருக்கும். குளத்துக்கு அவைதான் முக்கியம். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும் நீரின் அழுத்தம் கால், வயிற்றில் உள்ள ரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேலாக நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. நல்ல இதயத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. பலவீனமான இதயத்துக்குச் சுமை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ஏறும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள் இதய டாக்டரிடம் "நடக்கலாமா" என்று கேட்டால் போதாது. "நீந்தலாமா" என்றே கேளுங்கள். இரண்டும் வேறு கேள்விகள். மார்கழிக் குளிரில் திடீரென்று குதிக்காமல் படி வழியாக இறங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரில் இறங்க வேண்டாம். லோ சுகர் மயக்கம் தரையில் வந்தால் யாராவது பிடிப்பார்கள். பிபி மாத்திரை எடுக்கிறவர்கள் வெளியே வரும்போது ஏணியில் ஒரு நிமிடம் நின்று வாருங்கள். தண்ணீர் கொடுத்த அழுத்தம் சட்டென்று விலகும்போது தலை சுற்றும்.

தோல் வறட்சி எல்லோருக்கும் வருவது. நீந்தியதும் நல்ல தண்ணீரில் குளித்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் சரி.

படியில் கால் நனைத்த அந்த நண்பர் இப்போது தினமும் பதினைந்து சுற்று நீந்துகிறார். போன வாரம் அடுத்த கேள்வியோடு வந்தார்: "இவ்வளவு நீந்தறேனே சார், மாத்திரையை நிறுத்திடலாமா? ரிப்போர்ட்டும் நார்மல்னு வந்திருக்கு." ரிப்போர்ட் நார்மலாக வந்தது மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது, என்றேன். நீச்சல் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும், பிபிக்கும் சர்க்கரைக்கும் நல்லது. எல்டிஎல்லை அது அசைப்பது சொற்பம். அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்குவதை எத்தனை சுற்று நீந்தியும் எட்ட முடியாது. அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஷவருக்குப் போகாமல் நேராக இறங்கப் பார்த்தார், கையைப் பிடித்து ஷவர் பக்கம் திருப்பிவிட்டேன்.